ஊரினது காவல்

நுழையும்முன்

காவலரைப் போன்றே காக்கி உடை, கையில் ஊதல், மழையிலும் வெயிலிலும் நடுச்சாலையில் நிற்கும் கடமை. ஆனால் அவர் காவலர் அல்லர். பகலில் பட்டறைத் தொழிலாளியாகவோ கடை நடத்துபவராகவோ ஆசிரியராகவோ இருப்பவர். அழைப்பு வந்தால் சீருடை அணிபவர். பணி முடிந்ததும் சீருடையோடு அதிகாரத்தையும் களைந்து வைப்பவர். அவர் யார், என்ன கற்கிறார், அவருடைய எல்லை எது என்பனவற்றை இப்பாடம் பேசுகிறது.

---

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் திருவள்ளூர் மாவட்டம் பெரியபாளையத்துப் பவானி அம்மன் கோவிலை நோக்கிச் செல்லும் சாலைகள் மக்கள் வெள்ளத்தால் நிறையும். ஆடிக் கிருத்திகை என்றால் திருத்தணி மலையடிவாரம் காவடிகளால் நிறையும். தை அமாவாசை என்றால் திருவள்ளூர் வீரராகவர் கோவில் குளக்கரையில் கால்வைக்க இடம் இராது. இம்மூன்று இடங்களிலும் கயிறு பிடித்து வரிசையை ஒழுங்கு செய்பவர், தொலைந்த குழந்தையைத் தோளில் ஏற்றி அறிவிப்பு மேடைக்குக் கொண்டு செல்பவர், மயங்கிய முதியவருக்குத் தண்ணீர் தெளிப்பவர் எனப் பலரைக் காணலாம். அவர்களுள் ஒரு பகுதியினர் ஊதியம் பெறும் காவலர் அல்லர், ஊர்க்காவல் படையினர்.

ஊர்க்காவல் என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஊரைக் காத்தல் என இரண்டாம் வேற்றுமைப் பொருளில் மட்டும் கொண்டால் இடையில் வல்லினம் மிகாது, ‘ஊர்காவல்’ என்றே நிற்கும். வழக்கில் நிலைத்திருப்பதோ ககர ஒற்று மிகுந்த வடிவம். ஊரினது காவல் என ஆறாம் வேற்றுமைப் பொருளில் விரித்தால் அவ்வொற்றுக்கு இடம் உண்டு. இவ்வமைப்பின் இயல்பையும் இந்த ஒற்று உணர்த்துகிறது எனலாம். வெளியிலிருந்து வந்து ஊரைக் காக்கும் படை என்பதைவிட, ஊருக்கே உரிய காவல் என்பது இதற்குப் பொருந்தும்.

பாடிகாவல் முதல் படை வரை

ஊரே தன்னைக் காத்துக்கொள்ளும் வழக்கம் தமிழகத்துக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் கள்வரின் சூழ்ச்சியை அறிந்து தெருக்களில் உலவிய காவலரை விரிவாகக் காட்டுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பலவிடத்தும் வருகிறது. ஊர்க்காவலுக்காக ஊரார் செலுத்திய வரியை அது குறிக்கும். பிற்காலத்தில் தலையாரி அப்பொறுப்பை ஏற்றார். 1859ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட காவல் சட்டம், சீருடையும் ஊதியமும் உடைய காவல்துறையை நிறுவியது. காவல் என்பது அரசின் தொழில் ஆயிற்று. ஊராரின் பங்கு படிப்படியாகச் சுருங்கியது.

அப்பங்கு புதிய வடிவில் திரும்பி வந்தது விடுதலைக்குச் சற்று முன்னர். 1946 டிசம்பரில், வகுப்புக் கலவரங்களால் பம்பாய் மாகாணம் அல்லலுற்றபோது, காவல்துறைக்குத் துணையாகத் தன்னார்வலர்களைக் கொண்ட ஊர்க்காவல் படை அங்குத் தோற்றுவிக்கப்பட்டது. டிசம்பர் 6ஆம் நாள் இன்றும் அப்படையின் எழுச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், மாநிலந்தோறும் வெவ்வேறு பெயர்களில் இயங்கிய தன்னார்வ அமைப்புகளை ஒரே பெயரில் ஒருங்கிணைக்குமாறு நடுவண் அரசு அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் 1963ஆம் ஆண்டு ஊர்க்காவல் படைச் சட்டம் பிறந்தது. நாடு முழுமைக்கும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 5.7 இலட்சம்.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டில் படை இயங்கும். அவருக்கும் படையினருக்கும் இடையே நிற்கும் வட்டாரத் தளபதி, ஊதியமின்றி மதிப்புறு நிலையில் பணிபுரியும் குடிமகனே. மருத்துவர், வழக்கறிஞர், வணிகர் எனப் பல துறையினரும் அப்பொறுப்பை ஏற்பதுண்டு.

சேர்தலும் கற்றலும்

18 வயது நிறைந்து 50 வயதைக் கடவாத, உடல்நலம் வாய்ந்த ஆணும் பெண்ணும் இப்படையில் சேரலாம். குற்ற வழக்கில் தொடர்புடையவராய் இருத்தல் ஆகாது. அண்மைக்கால அறிவிப்புகள் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கோருகின்றன. எந்தப் பகுதியில் பணிபுரிய விரும்புகிறாரோ, அப்பகுதியில் வசிப்பவராகவும் இருத்தல் வேண்டும். இந்த இறுதி நிபந்தனை சிறியதாகத் தோன்றும். படையின் உயிர் அதில்தான் உள்ளது. எந்தத் தெருவில் மழைநீர் முதலில் ஏறும், எந்த வீட்டில் நடக்க இயலாத மூதாட்டி தனியே இருக்கிறார், எந்தச் சந்து முட்டுச்சந்து என்பன மாற்றலாகி வந்த அதிகாரிக்கு உடனே தெரிய வாய்ப்பில்லை. அவ்வூரில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும்.

அடிப்படைப் பயிற்சி வழக்கமாக 45 நாள். முதல் நாள்கள் அணிவகுப்புக்குரியவை. நிமிர்ந்து நிற்றல், ஒரே அடியில் திரும்புதல், ஒரே ஆணைக்கு ஐம்பது கால்கள் ஒன்றாக அசைதல் ஆகியவற்றைக் கண்டு, இவை எதற்கு என்று எண்ணத் தோன்றும். அழகுக்காக மட்டும் அன்று. கூட்டம் நெருக்கி வரும்போது பத்துப் பேர் கைகோத்து நிற்க, அவர்களுள் ஒருவர் தம் விருப்பப்படி விலகினால், அந்த இடைவெளியில் கூட்டம் பாயும். மிதிபடுவது பெரும்பாலும் முதியவரும் சிறுவருமே. ஆணையைக் கேட்டதும் எண்ணாமல் செய்யும் பழக்கம் அங்கே உயிர் காக்கும்.

அடுத்துப் போக்குவரத்து. முன்னிருந்து வரும் ஊர்தியை நிறுத்தவும், பின்னிருந்து வருவதை நிறுத்தவும், இருபுறமும் ஒருசேர நிறுத்தவும் தனித்தனிக் கைச்சைகைகள் உள்ளன. சைகையைவிடக் கடினமானது நிற்கும் இடம். வளைவை ஒட்டி நின்றால் சரக்குந்தின் ஓட்டுநருக்கு நிற்பவர் தெரியார். இரவில் ஒளிரும் மேலங்கி இன்றிச் சாலையில் இறங்குவது வீரம் ஆகாது.

முதலுதவிக்கும் மீட்புக்கும் ஒதுக்கப்படும் நாள்களே பயிற்சியின் மிகப் பயனுள்ள பகுதி என்பது இப்பாட ஆசிரியரின் கருத்து. குருதி பீறிடும் காயத்தைத் தூய துணியால் இடைவிடாது அழுத்திப் பிடித்தல், எலும்பு முறிந்தவரைக் கண்டபடி தூக்காமல் மட்டை கட்டித் தூக்குதல், இதயத் துடிப்பு நின்றவருக்கு மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 செ.மீ. ஆழம் அழுத்துதல் ஆகியவற்றைப் பொம்மையின்மீது பலமுறை செய்து பழகினாலன்றிக் கை சரியாக இயங்காது. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்னும் கணக்கைப் படித்து மனப்பாடம் செய்துவிடலாம். இரண்டு நிமிடம் அழுத்தியபின் தோள் எப்படி வலிக்கும் என்பதைப் படித்து அறிய முடியாது.

> தெரிந்து தெளிவோம்
> சாலை விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைச் சட்டம் காக்கிறது. 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளை உறுதிப்படுத்தியது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதனைச் சட்டப்பிரிவாகவே ஆக்கியது. உதவியவர் தம் பெயரையோ முகவரியையோ தெரிவிக்குமாறு கட்டாயப்படுத்தப்படமாட்டார். அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108.

கும்மிடிப்பூண்டி கற்பிக்கும் பாடம்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் ஆந்திர எல்லையைத் தொடுவதற்கு முன் கும்மிடிப்பூண்டியைக் கடக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் பிற ஆலைகளும் இரவும் பகலும் இயங்குகின்றன. ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் இங்கு வாழ்கின்றனர். இத்தகைய ஊரில் துணைக்காவலரின் பணி திருவிழாக் கூட்டத்தோடு முடிவதில்லை.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. வேறிடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்தவற்றை இங்கு நடந்தனவாகக் காட்டிய காணொளிகள் அவை. பல தொழில்நகரங்களில் அச்சம் பரவியது. காவல்துறையினர் தொழிலாளர் தங்குமிடங்களுக்கே சென்று உண்மையை எடுத்துரைத்தனர். அத்தகைய வேளையில் இந்தியோ ஒடியாவோ நான்கு சொற்றொடர் பேசத் தெரிந்த ஓர் ஊர்க்காவலர், தடியேந்திய பத்துப் பேரைவிடப் பயனுடையவர். எல்லைப்புற ஊர்களில் தெலுங்கு அறிந்தோர் எளிதில் கிடைப்பர். மற்ற மொழிகளையும் பயிற்சியில் சிறிது சேர்த்தல் நன்று.

2024 அக்டோபர் 11ஆம் நாள் இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற பாக்மதி விரைவுத் தொடர்வண்டி, கும்மிடிப்பூண்டியை அடுத்த கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்குத் தொடர்வண்டியின்மீது மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பற்றியது. பலர் காயமுற்றனர், உயிரிழப்பு ஏதும் நேரவில்லை. இருளில் முதலில் ஓடிவந்தோர் அருகில் வாழும் மக்களே. பயணிகளைத் தங்கவைத்து, உணவளித்து, பேருந்துகளில் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து வேறொரு தொடர்வண்டியில் ஏற்றிவிட்டனர்.

இத்தகைய இரவில் இருவகை மக்கள் திரள்வர். உதவ வருவோர் ஒருவகை. பார்க்க வருவோர், கைப்பேசியில் படம் பிடிக்க வருவோர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினரின் இருசக்கர ஊர்திகள் சாலையின் இருமருங்கும் நின்றுவிட்டால் மருத்துவ ஊர்தி உள்ளே வர இயலாது. எனவே பயிற்சி பெற்ற தன்னார்வலர் செய்ய வேண்டிய முதல் வேலை, பெட்டிக்குள் பாய்வது அன்று. வழியைத் திறந்து வைப்பது. இடிபாட்டுக்குள் இறங்குவோரைப் பற்றியே செய்திகள் பேசும். வழியைக் காத்து நின்றவரை எவரும் படம் பிடிப்பதில்லை.

ஆலைகள் சூழ்ந்த பகுதியில் மற்றோர் இடரும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வளி கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த மீனவ மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீடுகளைவிட்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வளிக்கசிவின்போது எத்திசையில் ஓடுவது என்பதே உயிர்வினா. காற்று வீசும் திசையிலேயே ஓடுபவரை வளி துரத்திக்கொண்டே வரும். காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்லல் வேண்டும். அமோனியா நீரில் எளிதில் கரைவதால், நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது ஓரளவு காக்கும். ஊர்க்காவலர் ஒருவர் கொடிக்கம்பத்துத் துணி எப்பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு மக்களுக்கு வழிகாட்டினால், அந்த ஒரு பார்வை ஒரு தெருவைக் காக்கக்கூடும். 1984ஆம் ஆண்டுப் போபால் பேரிடருக்குப் பின்னரே, இடர்தரும் வேதிப்பொருள்களைக் கையாளும் ஆலைகளுக்கு வெளியே வாழும் மக்களுக்கும் அவசரத் திட்டம் வகுக்க வேண்டும் என்னும் விதிகள் 1989இலும் 1996இலும் வந்தன. ஏட்டில் உள்ள திட்டத்தை வீடுவரை கொண்டு சேர்க்க ஆள் வேண்டுமல்லவா?

மழைக்காலத்தில் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரிநீர் திறக்கப்படும்போது கொசத்தலையாற்றின் கரையூர்களுக்கு எச்சரிக்கை செல்ல வேண்டும். முன்னாளில் தண்டோரா போடுவர். மனிதரைப் பறையடிக்கச் செய்து அறிவிக்கும் அவ்வழக்கம் தேவையற்றது என 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நிறுத்தப்பட்டது. ஒலிபெருக்கி பூட்டிய ஊர்தி அவ்விடத்தைப் பெற்றது. நல்ல மாற்றமே. எனினும் ஒலிபெருக்கி கதவைத் தட்டாது. காது கேளாதவரையும் கால்நடையை விட்டுவர மறுப்பவரையும் ஊர் அறிந்த ஒருவரே அழைத்துவர முடியும்.

அதிகாரமும் எல்லையும்

பணிக்கு அழைக்கப்பட்ட நேரத்தில் ஊர்க்காவலருக்குக் காவலருக்குரிய அதிகாரமும் பாதுகாப்பும் சட்டத்தால் அளிக்கப்படுகின்றன. பணி முடிந்த மறுநிமிடம் அவர் நம்மைப் போன்ற குடிமகன். பணியில் இருக்கும்போதும் அவர் தாமே முடிவெடுப்பவர் அல்லர். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்து செல்லுமாறு ஆணையிடுதல் நிருவாக நடுவருக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கும் உரியது. ஓர் ஊர்க்காவலர் தம் தெருவில் நின்று பேசும் இளைஞரைத் தடியைக் காட்டி விரட்டினால், அவர் ஊரைக் காக்கவில்லை. தமக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறார்.

குடிமகன் எவருக்குமே சட்டம் ஒரு சிறிய அதிகாரத்தைத் தந்துள்ளது. தம் கண்ணெதிரே பிணையில் விடமுடியாத, காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் செய்பவரை ஒருவர் பிடிக்கலாம். ஆனால் காலந்தாழ்த்தாமல், ஆறு மணிநேரத்துக்குள், காவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு. பிடித்துக் கட்டிவைத்து அடிப்பதற்கு எந்தப் பிரிவும் இடந்தரவில்லை. பிடிபட்டவர் குற்றவாளியா என்பதை முடிவு செய்வது நீதிமன்றமே.

எல்லை மீறினால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. சத்தீசுகர் மாநிலத்தில் மாவோயியரை எதிர்க்கப் பழங்குடி இளைஞர் சிறப்புக் காவல் அலுவலர்களாக அமர்த்தப்பட்டனர். ஐந்தாம் வகுப்புக் கல்வி, இரண்டு மாதப் பயிற்சி, மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம், கையில் துப்பாக்கி. 2011 ஜூலை 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அவர்களை அவ்வாறு ஆயுதமேந்தச் செய்தது அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கொல்லப்படும் வாய்ப்பு மிகுந்த பணிக்கு, போதிய கல்வியும் பயிற்சியும் தராமல் ஏழை இளைஞரை அனுப்புவது அவர்களுடைய சமத்துவத்தையும் உயிரையும் மதிக்காத செயல் என்பது தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது வேறு வகை. 1993ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், காவல்துறைக்கும் மக்களுக்கும் பாலமாகக் ‘காவல்துறை நண்பர்கள்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அது பிற மாவட்டங்களுக்கும் பரவிப் பாராட்டும் பெற்றது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, காவல் நிலையத்தில் தன்னார்வலருக்கு என்ன வேலை என்னும் கேள்வி மாநிலமெங்கும் எழுந்தது. அந்நிகழ்வில் தமக்குத் தொடர்பில்லை என இயக்கத்தார் மறுத்தனர். அடுத்த மாதமே அரசு அவ்வமைப்பின் செயல்பாட்டைத் தடைசெய்தது. ஊர்க்காவல் படைக்குத் தனிச் சட்டமும் விதிகளும் உள்ளன. யார் அழைத்தார், எந்நேரம் பணி, யார் பொறுப்பு என்பன பதிவாகின்றன. தன்னார்வம் எவ்வளவு தூயதாயினும், இந்தப் பதிவு இல்லாதவிடத்தில் தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஆளிராது.

சிங்கப்பூரில் 1946 முதல் இயங்கும் தன்னார்வச் சிறப்புக் காவற்படையினருக்குப் பணியின்போது முழுநேரக் காவலருக்குரிய அதிகாரம் அனைத்தும் உண்டு. பிரித்தானியாவின் சிறப்புக் காவலருக்கும் அவ்வாறே. அதிகாரம் மிகுந்தவிடத்தில் பயிற்சியும் மிகுதல் வேண்டும் என்பதை அந்நாடுகள் உணர்ந்துள்ளன.

கூலியும் தொண்டும்

தொண்டு என்றாலும் வயிறு உண்டு. ஒரு நாள் ஆலைக்குச் செல்லாமல் கோவில் வாயிலில் நிற்பவர் அந்நாளின் கூலியை இழக்கிறார். 2015 மார்ச்சு 11ஆம் நாள், இமாச்சலப் பிரதேச ஊர்க்காவலர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு செய்திகளைச் சொன்னது. ஊர்க்காவலர் தன்னார்வலரே, எனவே நிலையான அரசுப் பணியாளராக்குமாறு கோர இயலாது என்பது ஒன்று. 30 நாள் பணி செய்தால் கிடைக்கும் தொகை, காவலர் ஒருவரின் குறைந்தபட்ச மாத ஊதியத்துக்கு ஈடாகும் வகையில் நாட்படி வழங்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் நாட்படி 560 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் மாதத்தில் பணி வழங்கப்படும் நாள்கள் 5 எனக் குறைந்தன. படியை உயர்த்திய கை நாளைக் குறைத்ததால், முன்பு இதனையே பெரிதும் நம்பி வாழ்ந்தோர் கலங்கினர். கூடுதல் நாள் வேண்டும் எனப் போராடினர்.

இதில் இரு பக்க நியாயமும் உண்டு. மாதம் முழுவதும் வேலை வாங்கிவிட்டு, நீ தன்னார்வலன் என்று சொல்லிக் குறைந்த கூலி தருவது, காவலர் பற்றாக்குறையை மலிவாக நிரப்பும் வழி. மாறாக, வேறு தொழில் உடையவர் மாதத்தில் சில நாள் வருவதே இப்படையின் மூலக் கருத்து. ஆனால் வேறு தொழில் கிடைக்காத இளைஞரே மிகுதியாக வந்து சேர்கின்றனர் என்றால், அதனைத் தொண்டு என்பதா, வேலையின்மை என்பதா? 2013ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அமைத்த சிறப்புக் காவல் இளைஞர் படை இதற்கு வேறொரு விடை தந்தது. மாத மதிப்பூதியத்தில் பணியாற்றிய இளைஞர்கள், பின்னர் தனித்தேர்வு எழுதி இரண்டாம் நிலைக் காவலராயினர். துணைப்பணி அங்கே நிலையான பணிக்குப் படிக்கட்டாக அமைந்தது. ஊர்க்காவலருள் பலர் காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளையோர்; விடியற்காலை ஓட்டப் பயிற்சி, பகலில் வேலை, மாலையில் பணி என ஒரே நாளில் மூன்று வாழ்க்கை வாழ்பவர்கள்.

---

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஆசிரியருடன் சென்று, அங்குப் பணிபுரியும் ஊர்க்காவலர் ஒருவரை நேர்கண்டு, அவர் பெற்ற பயிற்சி பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் தெருவின் வரைபடம் வரைக. நடக்க இயலாதவர் வாழும் வீடு, மேடான இடம், அகலமான வெளியேறும் வழி ஆகியவற்றைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘ஊர்க்காவலருக்கு மாதம் முழுவதும் பணி வழங்கலாமா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

4. ஊர்க்காவல், பாடிகாவல், கைச்சைகை, கொடிக்கம்பம் ஆகிய சொற்களில் வல்லினம் மிக்கும் மிகாமலும் வருவதன் காரணத்தைக் கண்டறிக.